டெரெக் அண்டர்வுட்: வலைப்பயிற்சியில் பையன்கள் கேட்டதும் நான் சொன்னதும்

2024 ஏப்ரல் 15 அன்று டெரெக் அண்டர்வுட் காலமானார். வயது 78. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல் பையன்களுக்குப் பந்து போடப் போனபோது அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொன்னேன். ரெண்டு வார்த்தையோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து அதே பத்துப் பதினைந்து கேள்விகள் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன: பையன்கள், அவர்களைக் கொண்டுவந்து விடும் அப்பாக்கள், என் மைத்துனர், டீக்கடையில் ஸ்கோர் கேட்கிறவர். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன். நானும் இடக்கைச் சுழல்தான், லீக்கில் கீழ் டிவிஷனைத் தாண்டாத ரகம். கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் சார் இந்த அண்டர்வுட்? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே.

இங்கிலாந்தின் கென்ட் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அணிக்காக 1963 முதல் 1987 வரை ஆடிய இடக்கைப் பந்துவீச்சாளர். 1945 ஜூன் 8 அன்று ப்ராம்லியில் பிறந்தார். பதினேழு வயதில் கென்டுக்கு ஆடத் தொடங்கி, முதல் சீசனிலேயே நூறு விக்கெட்டைத் தாண்டினார். அந்த வயதில் அதைச் செய்தவர் அவருக்கு முன்னால் யாருமில்லை. 1966-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்டில் இறங்கினார்.

86 டெஸ்டில் 297 விக்கெட், சராசரி 25.83. இங்கிலாந்து ஸ்பின்னர்களில் இதுவரை இதை எட்டியவர் இல்லை. பின்னால் வந்த கிரேம் ஸ்வான் 255-ல் நின்றார். டெஸ்டும் கவுண்டி ஆட்டங்களும் அடங்கிய முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 2,465 விக்கெட், சராசரி 20.28. அந்த 2,465-ஐ இன்னொரு முறை படியுங்கள். இன்றைக்கு ஒருவர் ஐந்நூறு எடுத்தாலே மாலை போடுகிறோம்.

ஸ்பின்னரா, மீடியம் பேஸரா? யூடியூப்ல பார்த்தா ரெண்டும் மாதிரி இருக்கு.

கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஸ்கோர்புக்கில் ஸ்பின்னர். ஆனால் ஓடிவரும் தூரத்தைப் பார்த்தால் மிதவேகக்காரர் என்றுதான் சொல்வீர்கள். பிஷன் பேடி ரெண்டு எட்டு வைத்து, பந்தைக் காற்றில் தூக்கி, பேட்ஸ்மேனை வெளியே வா என்று கூப்பிடுவார். அண்டர்வுட் கூப்பிடவே மாட்டார். தட்டைப் பாதம் போட்டு நீளமாக ஓடிவந்து, தட்டையாக, வேகமாக, நேராக ஸ்டம்புக்குப் போடுவார்.

விரலை முறுக்கிச் சுழற்றுவதைவிட, தையலின் பக்கவாட்டில் விரலை இழுத்து விடுவதுதான் அவர் வேலை. பாக்குவெட்டியில் கை இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா, அந்த மாதிரி ஒரு இழுப்பு. அதனால் காய்ந்த பிட்சில் பெரிதாகத் திரும்பாது, கொஞ்சம்தான் நகரும். மட்டையின் விளிம்பைத் தொட அந்தக் கொஞ்சம் போதும். இடையிடையே திரும்பாமல் நேராக உள்ளே வருகிற பந்து ஒன்றும் வைத்திருந்தார். அது கீழே ஐந்தாவது கேள்வியில் வரும்.

"டெட்லி"னு ஏன் கூப்பிட்டாங்க? பார்த்தா சாதுவா இருக்காரு.

சாதுதான். பேட்ஸ்மேனை முறைக்கிறது, வாயாடுகிறது எதுவும் கிடையாது. மழை நின்று வெயில் வந்ததும் அவர் கையில் பந்து போனால் எதிரணி பெட்டியைக் கட்டத் தொடங்கலாம், அதனால் வந்த பட்டப்பெயர். சாகும்வரை ஒட்டிக்கொண்டது.

மழைக்கும் பந்துக்கும் என்ன சார் சம்பந்தம்? மழை வந்தா தார்ப்பாய் போட்டு மூடிடுவாங்களே?

இப்போது மூடுவார்கள். அப்போது அப்படி இல்லை. அண்டர்வுட் ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் பிட்ச் மழையில் நனையும். நனைந்தால் நனைந்ததுதான். கவுண்டி ஆட்டங்களில் முழுதாக மூடும் வழக்கம் 1981-ல்தான் வந்தது. அதுவரை வானமும் ஆட்டத்தில் ஒரு ஆள்.

நனைந்த பிட்ச் எப்போது ஆபத்து? முழு ஈரமாக இருக்கும்போது இல்லை. அப்போது பந்து வழுக்கிக்கொண்டு போகும், பந்துவீச்சாளருக்குக் கால் நிற்காது, பந்தைத் துடைத்துத் துடைத்தே ஓவர் முடியும். வெயில் வந்து காய ஆரம்பிக்கும்போதுதான் கண்டம். பால் காய்ச்சி ஆறவைத்தால் மேலே ஆடை படியுமே, அந்த மாதிரி பிட்சின் மேல்பக்கம் மெல்லிய பொருக்காகக் காயும். அடியில் இன்னும் களி. பந்து பொருக்கைக் குத்தி உடைத்து, களியில் ஒரு நொடி கவ்வி, எழும்பும். ஒரு பந்து மூக்குக்கு வரும், அடுத்தது கணுக்காலுக்குப் போகும்.

இந்தப் பிட்சில் மெதுவாகப் போட்டால் பேட்ஸ்மேன் பின்னால் போய்ச் சமாளித்துவிடலாம். அதிவேகமாகப் போட்டால் பந்து கவ்வ நேரம் இருக்காது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் வேண்டும், கூடவே ஆறு பந்தும் ஒரே இடத்தில் விழ வேண்டும். மேலே சொன்ன அந்த விநோத வேகம் இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

எல்லாரும் பேட்ஸ்மேனைச் சுத்தி நிக்கிற அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோ நிஜமா? ஏதோ விளம்பரத்துக்கு எடுத்த மாதிரி இருக்கு.

நிஜம். 1968 ஆகஸ்ட் 27, லண்டன் ஓவல், ஆஷஸ் (இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும்) தொடரின் ஐந்தாவது டெஸ்டின் கடைசி நாள். ஆஸ்திரேலியா தொடரில் 1-0 என்று முன்னால் இருந்தது. மதிய உணவு நேரத்தில் ஆஸ்திரேலியா 85 ரன் சொச்சத்துக்கு 5 விக்கெட். சரி, முடிந்தது என்று இங்கிலாந்து நினைத்த நேரத்தில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மைதானம் குளம். ஆட்டம் டிரா என்றுதான் எல்லோரும் எழுந்தார்கள்.

மழை விட்டதும் கேப்டன் காலின் கவுட்ரி (இவர் நம் ஊட்டியில் பிறந்தவர்) கூட்டத்திடமே உதவி கேட்டார். வந்தார்கள். துடைப்பம், போர்வை, துண்டு, சாக்கு, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வேட்டி நனையாத குறையாகத் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். வேட்டி அங்கே ஏது, கோட்டு சூட்டுதான். 4.45-க்கு ஆட்டம் தொடங்கியது, மிச்சம் ஒன்றேகால் மணி நேரம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிட்ச் இன்னும் சொதசொத. ஜார்மனும் இன்வெராரிட்டியும் தடுத்துக்கொண்டே இருந்தார்கள், கடிகாரம் ஓடியது.

கவுட்ரி பந்தை பாசில் டி ஆலிவெராவிடம் கொடுத்தார். அவர் ஜார்மனை பவுல்டாக்கினார். அதற்குள் வெயிலும் வந்து பிட்ச் காய ஆரம்பித்துவிட்டது. உடனே அண்டர்வுட். அடுத்த நான்கு விக்கெட்டையும் 27 பந்துகளில் எடுத்தார். மாலெட், மெக்கென்சி ரெண்டு பேரும் மட்டையை ஒட்டி ஷார்ட் லெக்கில் நின்ற பிரவுன் கையில் மாட்டினார்கள். க்ளீசன் பவுல்டு. தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 56 ரன் அடித்து இன்னும் நின்றுகொண்டிருந்த இன்வெராரிட்டி கடைசி. வெளியே திரும்பும் என்று மட்டையைத் தூக்கிக் காலை நீட்டினார், பந்து திரும்பவில்லை. எல்பிடபிள்யூ. ஆறு நிமிடம்தான் பாக்கி. அண்டர்வுட் 31.3 ஓவர், 19 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 50 ரன், 7 விக்கெட். இங்கிலாந்து 226 ரன்னில் வென்று தொடர் 1-1 ஆனது.

போட்டோவில் ஃபீல்டர்கள் மட்டைக்கு எட்டும் தூரத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான். ரன் போனால் என்ன, நேரம்தான் போகக்கூடாது.

அப்படின்னா ஈரப் பிட்ச் கிடைச்ச அதிர்ஷ்டம்தானே? இப்ப இருந்தா நாலு சிக்ஸ் போயிருக்கும்.

இந்தக் கேள்விதான் அதிகம் வருவது, எனக்குக் கோபம் வருவதும் இதில்தான்.

ஈரப் பிட்ச் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை, எல்லா இங்கிலாந்துப் பந்துவீச்சாளருக்கும் கிடைத்தது. எத்தனை பேர் 2,465 எடுத்தார்கள்? சரி, இங்கிலாந்தையே விட்டுவிடுவோம். 1976-77-ல் டோனி கிரெய்க் தலைமையில் இந்தியா வந்தார். டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ், பெங்களூர், பம்பாய். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மழை எங்கே வந்தது? ஐந்து டெஸ்டில் 29 விக்கெட், சராசரி பதினேழரைச் சொச்சம். பேடி, சந்திரசேகர், பிரசன்னா ஆடிய தொடர் அது. அந்தத் தொடரில் ரெண்டு அணியிலும் சேர்த்து அதிக விக்கெட் எடுத்தவர் அண்டர்வுட்.

மெட்ராஸ் டெஸ்ட் பொங்கல் டெஸ்ட். எனக்குப் பதினோரு வயது. சித்தப்பா டிரான்சிஸ்டரைத் திண்ணையில் வைத்து, கரும்பு கடித்துக்கொண்டே கேட்டார். இந்தியாவுக்கு 284 இலக்கு. 83-க்குச் சுருண்டது. அண்டர்வுட் 28 ரன்னுக்கு 4. கரும்புச் சக்கையை முறத்தில் போட்டுவிட்டு சித்தப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போனது நினைவிருக்கிறது. அந்த வெற்றியோடு தொடர் இங்கிலாந்து கைக்குப் போனது. 1933-34-ல் ஜார்டின் அணி வென்றதற்குப் பிறகு இந்திய மண்ணில் அவர்களுக்கு அதுதான் முதல் தொடர் வெற்றி.

நாலு சிக்ஸ் விஷயம்: வாழ்நாள் முழுக்க டெஸ்டில் ஓவருக்கு ரெண்டு ரன் சொச்சம்தான் கொடுத்தார். 21,862 பந்து போட்டு 7,674 ரன். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய மட்டை, இன்றைய எல்லைக்கோடு எல்லாம் சேர்த்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பார், மறுக்கவில்லை. ஆனால் சிக்ஸ் அடிக்கப் பந்துக்கு அடியில் மட்டை போக வேண்டும். அவர் பந்து அதற்கு இடம் வைத்து வராது.

கவாஸ்கரையே 12 தடவை அவுட்டாக்கினாராமே, அது சரியா?

சரி. டெஸ்டில் கவாஸ்கரை அவ்வளவு முறை வீழ்த்தியவர் வேறு யாருமில்லை. ராபர்ட்ஸ், ஹோல்டிங், லில்லி, இம்ரான் எல்லோரும் இருந்த காலத்தில்.

காரணம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கவாஸ்கரின் பலமே எதை விடலாம் என்று தெரிந்திருப்பது. வேகப்பந்தில் பாதிப் பந்தை விட்டே பந்துவீச்சாளரைச் சோர வைப்பார். அண்டர்வுட்டிடம் விடுவதற்குப் பந்தே வராது. ஒவ்வொன்றும் ஸ்டம்பை நோக்கி, ஒவ்வொன்றையும் ஆடியாக வேண்டும். எது நகரும், எது நேராக வரும் என்று கையைப் பார்த்துத் தெரியாது. பொறுமைக்காரரைப் பொறுமையால் அடித்தார்.

சேப்பாக்கத்துல வாசலின் தடவி மாட்டினவர் இவர்தானே?

இல்லை, இல்லை, இல்லை. என் மைத்துனரும் இதைத்தான் சொல்கிறார். அது ஜான் லீவர். இவரைப் போல இடக்கை, ஆனால் வேகப்பந்து. அதனால் வந்த குழப்பம். மேலே சொன்ன அதே மெட்ராஸ் டெஸ்டில் லீவரும் பாப் வில்லிஸும் வியர்வை கண்ணில் இறங்காமல் இருக்க நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். பந்தைப் பளபளப்பாக்கத்தான் அது என்று இந்தியக் கேப்டன் பேடி புகார் சொன்னார். பெரிய சண்டையாகி, கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. அண்டர்வுட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அவர் பந்துக்குப் பளபளப்பும் தேவையில்லை.

லார்ட்ஸ்ல பாகிஸ்தானை ஏமாத்தி எடுத்த விக்கெட்டுன்னு எங்க அப்பா சொல்றார்.

அப்பா பாதி சரி. 1974 லார்ட்ஸ் டெஸ்ட். டெஸ்டில் பிட்சை மூட வேண்டும் என்று விதி வந்துவிட்டது, மூடவும் மூடினார்கள். ஆனால் கொட்டிய மழையில் மூடிக்கு அடியில் தண்ணீர் புகுந்து பிட்ச் நனைந்துவிட்டது. இரண்டாவது இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 192 என்று வசதியாக இருந்த பாகிஸ்தான் 226-க்கு ஆல் அவுட். அண்டர்வுட் 51 ரன்னுக்கு 8, அவர் டெஸ்ட் வாழ்க்கையின் சிறந்த கணக்கு. ஒரு கட்டத்தில் 51 பந்தில் 2 ரன் கொடுத்து 6 விக்கெட். முதல் இன்னிங்ஸின் ஐந்தோடு சேர்த்து அந்த ஆட்டத்தில் 13.

பாகிஸ்தான் மேலாளர் ஓமர் குரேஷி எழுத்துமூலம் கண்டனம் தெரிவித்தார், மைதானத்தாரின் அலட்சியம் என்று. அந்தக் கோபம் நியாயமானது, ஒழுகும் மூடியை வைத்து டெஸ்ட் நடத்தக் கூடாது. ஆனால் ஏமாற்றியது அண்டர்வுட் இல்லையே. கடைசியில் ஐந்தாம் நாள் முழுக்க மழை பெய்து ஆட்டம் டிரா. அவருக்கு வாரிக் கொடுத்த மழை அன்றைக்குத் திருப்பி வாங்கிக்கொண்டது.

ஹெடிங்லியில பிட்சுக்கு நோய் வந்துச்சாமே, அது என்ன கதை?

1972 ஆஷஸ். மழைக்குப் பிறகு ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தாக்கிப் புல் செத்துப்போனது என்றார்கள். ஆஸ்திரேலியர்கள் இன்றுவரை நம்பவில்லை. அண்டர்வுட்டுக்காகவே தயாரித்த பிட்ச் என்பார்கள். ஆட்டம் மூன்று நாளில் முடிந்தது, இங்கிலாந்து 9 விக்கெட்டில் ஜெயித்தது, அண்டர்வுட் 82 ரன்னுக்கு 10. நம் ஊரில் பந்து திரும்பினால் மட்டும் பிட்சைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

கீப்பர் ஆலன் நாட் இல்லைன்னா இவ்வளவு விக்கெட் வந்திருக்குமா?

வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ரெண்டு பேரும் கென்ட், ரெண்டு பேரும் இங்கிலாந்து. நான்காவது பதிலில் சொன்ன பிட்சை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பந்து மூக்குக்கு, ஒன்று கணுக்காலுக்கு. அதில், மிதவேகப் பந்துக்கு, ஸ்டம்பை ஒட்டி நின்று பிடிக்க வேண்டும். நாட் நின்றார். பேட்ஸ்மேன் கிரீசை விட்டு வெளியே நின்று பந்தின் நீளத்தைக் கெடுக்க முடியாமல் போனதற்கு அவர்தான் காரணம். ஸ்கோர்கார்டில் அது வராது. கேன்டர்பரி மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு அண்டர்வுட், நாட் என்று ரெண்டு பேர் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

பேட்டிங் வருமா அவருக்கு?

டெஸ்டில் சராசரி 11.56, அதிகபட்சம் 45. ஆனால் தைரியசாலி. சாயங்காலம் விக்கெட் விழுந்தால் நைட் வாட்ச்மேனாக அவரைத்தான் அனுப்புவார்கள். ஹெல்மெட் இல்லாத காலத்தில் உடம்பில் வாங்கிக்கொண்டு நிற்பார்.

ஒரே ஒரு சதம் அடித்திருக்கிறார். 1984-ல், 39 வயதில், முதல்தரக் கிரிக்கெட்டில் இருபத்தோரு வருடம் ஆடிய பிறகு, சசெக்ஸுக்கு எதிராக ஹேஸ்டிங்ஸில் 111. அந்த ஊருக்கும் இவருக்கும் என்ன பூர்வஜென்மத் தொடர்போ: 28 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்ததும் (1964), 9 ரன்னுக்கு 8 எடுத்ததும் (1973) அதே மைதானத்தில், அதே சசெக்ஸுக்கு எதிராக. அந்த மைதானம் இப்போது இல்லை. அங்கே வணிக வளாகம் கட்டிவிட்டார்கள்.

297-ல ஏன் நின்னார்? இன்னும் மூணு எடுத்திருக்கலாமே?

ரெண்டு முறை வாசலைத் தாண்டிப் போனார். முதல் முறை 1977-ல், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் வாரியங்களை மீறித் தனியாக நடத்திய போட்டிக்கு. கிரெய்க், நாட், ஸ்னோ, அமிஸ், வூல்மர் எல்லோரும் போனார்கள். அப்போது இங்கிலாந்து வீரருக்கு ஒரு டெஸ்டுக்குக் கிடைத்தது சுமார் 200 பவுண்ட். பேக்கர் பயத்தில் அடுத்த வருடமே அது 1,000 ஆனது. அதனால் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். 1979-ல் திரும்ப அணிக்கு வந்தார்.

ரெண்டாவது முறை 1982 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவுக்கு. நிறவெறி ஆட்சிக்காக உலகம் ஒதுக்கிவைத்திருந்த நாடு. தடையை மீறி ரகசியமாகப் புறப்பட்ட இங்கிலாந்து வீரர்களில் அண்டர்வுட்டும் ஒருவர். எல்லோருக்கும் மூன்று வருடத் தடை. அது முடியும்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. மூன்று விக்கெட் அங்கேதான் போனது.

தென்னாப்பிரிக்கா போனதை மன்னிச்சு விட்டுடலாமா சார்? நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்களே.

நல்ல மனிதர்தான், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மன்னிக்க நாம் யார் என்பது வேறு விஷயம். ஆனால் இரங்கல் கட்டுரைகளில் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு உறுத்துகிறது.

ஓவல் 1968-க்குத் திரும்பிப் போங்கள். ஜார்மனை பவுல்டாக்கி அண்டர்வுட்டுக்கு வழி திறந்துவிட்டவர் பாசில் டி ஆலிவெரா என்று சொன்னேன் அல்லவா? அவர் கேப்டவுனில் பிறந்தவர். நிறத்தின் காரணமாகச் சொந்த நாட்டுக்கு ஆட முடியாமல் இங்கிலாந்து வந்தவர். அந்த ஓவல் டெஸ்டில் 158 ரன்னும் அடித்தார். அப்படியிருந்தும் அடுத்து வந்த தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு முதலில் அவரைச் சேர்க்கவில்லை. வேறொருவர் விலகியதால் பிறகு சேர்த்தார்கள். அவர் இருக்கும் அணியை ஏற்க முடியாது என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் சொல்ல, பயணமே ரத்தானது. அந்த ஈர மைதானத்தில் டி ஆலிவெராவோடு நின்றவர், பதினான்கு வருடம் கழித்து அந்த நாட்டுக்கே காசுக்கு ஆடப் போனார். 7 விக்கெட்டையும் சொல்வேன், இதையும் சொல்வேன்.

கடைசி டெஸ்ட் இலங்கையிலன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம், அது இலங்கையின் முதல் டெஸ்டும்கூட. 1982 பிப்ரவரி 17, கொழும்பு பி. சரவணமுத்து மைதானம். இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தின் முதல் தலைவராக இருந்த தமிழரான பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் அது. பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க 54, மடுகல்ல 65 அடித்து நம்பிக்கை கொடுத்த முதல் இன்னிங்ஸில் அண்டர்வுட் 28 ரன்னுக்கு 5 எடுத்தார். டெஸ்டில் அவருடைய பதினேழாவது ஐந்து விக்கெட், கடைசியும் அதுதான். இரண்டாவது இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று இருந்த இலங்கை 175-க்குச் சரிந்தது. அந்த வேலையை முக்கியமாகச் செய்தவர் ஆஃப் ஸ்பின்னர் எம்புரி. இங்கிலாந்து 7 விக்கெட்டில் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்த கொஞ்ச நாளில் அண்டர்வுட்டும் எம்புரியும் தென்னாப்பிரிக்காவில் இருந்தார்கள். இலங்கையின் அந்த முதல் டெஸ்ட் கேப்டன் பந்துல வர்ணபுரவும் அதே வருடக் கடைசியில் ஒரு அணியை அங்கே கூட்டிப்போனார். அவருக்குக் கிடைத்த தடை 25 வருடம். இங்கிலாந்துக்காரருக்கு மூன்று.

ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் என்ன பண்ணினார்?

செயற்கை ஆடுகளம் அமைக்கும் தொழிலில் இருந்தார். ஆமாம், மழையில் நனையும் மண்ணால் வாழ்ந்தவர், மழைக்கு அசராத விரிப்பை விற்றார். 2008-09-ல் லார்ட்ஸ் மைதானத்தின் சொந்தக்கார கிளப்பான எம்சிசியின் தலைவராக இருந்தார். 2009-ல் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் சேர்ந்தது.

இப்ப அவர் மாதிரி யாராவது போடறாங்களா?

அப்படியே யாரும் இல்லை. காரணம் நான்காவது பதிலில் இருக்கிறது: பிட்சை மூடினார்கள், அந்தக் கலைக்கு வேலை போனது. கொஞ்சம் சாயல் வேண்டுமென்றால் காய்ந்த சேப்பாக்கத்தில் நாலாம் நாள் ரவீந்திர ஜடேஜாவைப் பாருங்கள். தட்டையாக, வேகமாக, ஸ்டம்புக்கு. ஒன்று திரும்பும், அடுத்தது அதே கையிலிருந்து நேராகப் போகும். ஆனால் ஜடேஜா ஓடிவருவது சில எட்டுகள்தான். அண்டர்வுட்டைப் போல அவ்வளவு தூரம் ஓடிவந்து சுழல் போடுகிற பையன் இன்றைக்கு அகாடமிக்குப் போனால் முதல் நாளே திருத்திவிடுவார்கள்.

ஒரே ஒரு பந்து பார்க்கணும்னா எதைப் பார்க்கட்டும் சார்?

ஓவலில் இன்வெராரிட்டிக்குப் போட்ட பந்து. வீடியோ மங்கலாகத்தான் இருக்கும். முதல் தடவை பந்தைப் பார்க்காதீர்கள், இன்வெராரிட்டியின் மட்டையைப் பாருங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் தப்புச் செய்யாத மட்டை, அந்த ஒரு பந்துக்கு மட்டும் மேலே போகும். ரெண்டாம் தடவை அண்டர்வுட்டின் கை. திரும்பும் பந்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடித்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்கும் காட்டுங்கள். நாற்பது வருடமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.